டெர்மினேட்டர் இனி எந்தப் பக்கம்?

அக்டோபர் 11, 2025

டெர்மினேட்டர் தொடரின் ஆறு படங்களையும் வரிசையாகப் பார்ப்பதென்று உட்கார்ந்தாயிற்று. இன்று 1984இல் வந்த முதல் படம். ஜேம்ஸ் கேமரூன் சுமார் 64 லட்சம் டாலரில் எடுத்தது. பெரும்பாலும் இரவு, லாஸ் ஏஞ்சலிஸ் தெருக்கள், ஒரே துரத்தல். மனிதர்களுக்கும் இயந்திரங்களுக்கும் நடக்கும் எதிர்காலப் போர் சில நிமிடங்கள்தான்.

டெலிபோன் டைரக்டரி காட்சி இன்னும் உலுக்குகிறது. இயந்திரங்களை ஏவும் கணினி மூளை ஸ்கைநெட், மனிதர்களின் தலைவன் ஜான் கானரைப் பிறக்கவிடாமல் செய்ய, அவன் அம்மா சாராவைக் கொல்ல இறந்தகாலத்துக்கு ஓர் இயந்திரத்தை அனுப்புகிறது. போரில் ஆவணங்கள் அழிந்துபோனதால் அதற்குத் தெரிந்தது அவள் பெயரும் ஊரும் மட்டும். ஆகவே டைரக்டரியில் உள்ள சாரா கானர்களை ஒவ்வொருவராகக் கொல்லக் கிளம்புகிறது இயந்திரம். கோபமில்லை, வெறியில்லை. மேசையில் குவிந்த ஃபைல்களை முடிக்கும் குமாஸ்தா மாதிரி.

அக்டோபர் 12

இரண்டாம் படம், 1991. ரசிகர்கள் அடிக்க வருவார்கள், பரவாயில்லை: தொடரைக் கெடுத்தது இந்த அருமையான படம்தான். கொலைகார இயந்திரத்தைக் காவல்காரனாக்கியது ஒருமுறை மட்டும் பலிக்கிற வித்தை. பின்னால் வந்தவர்கள் அதையே வழக்கமாக்கிக்கொண்டார்கள்.

அக்டோபர் 18

மூன்றாவதன் (2003) முடிவு பிடித்தது. அணுகுண்டுகள் நிஜமாகவே விழுந்துவிடுகின்றன. நான்காவது (2009) எதிர்காலப் போரையே முழுப் படமாக்கியது. ஓரக்கண்ணால் பார்த்தவரை பயமாக இருந்தது. பட்டப்பகலில் காட்டியதும் சாதாரணப் போர்ப் படம். ஐந்தாவதில் (2015) ஜான் கானரே இயந்திரமாகிவிடும் திருப்பத்தை டிரெய்லரிலேயே போட்டு உடைத்தார்கள். அவர்களை என்ன சொல்வது!

அக்டோபர் 25

ஆறாவது, 2019. ஆரம்பத்திலேயே ஜான் கானரைக் கொன்றுவிடுகிறார்கள். சரி, புது வழி பிறந்தது என்று நிமிர்ந்தேன். அப்புறம் பார்த்தால் ஸ்கைநெட் போய் லீஜியன், ஜான் இடத்தில் டானி. பலகை மட்டும்தான் மாறியிருக்கிறது. கொலைகார இயந்திரமாக வரும் அர்னால்டு டெக்சாஸில் திரைச்சீலை வியாபாரம் பார்க்கிறார். சிறுமியின் அறைக்கு எந்த மாதிரித் துணி பொருந்தும் என்று முகம் மாறாமல் விளக்குகிறார். வாய்விட்டுச் சிரித்தேன். ஆனால் இந்த ஆளைப் பார்த்து இனி யார் பயப்படுவார்கள்?

18 கோடி டாலருக்கு மேல் செலவு. உலகம் முழுக்க வசூல் 26 கோடி. தியேட்டர் பங்கு போனால் நஷ்டம்தான்.

அக்டோபர் 26

புதிய டெர்மினேட்டர் கதையை எழுதத் தொடங்க முடியவில்லை, எழுதுவதை நிஜம் முந்திவிடும்போல என்று கேமரூன் அண்மையில் சொல்லியிருக்கிறார். எனக்கென்னவோ வழி முதல் படத்திலேயே கிடப்பதாகத் தோன்றுகிறது. தலைமறைவாக இருக்கும் சாரா, அம்மாவுக்கு போன் செய்கிறாள். அம்மாவின் குரலில் பேசுவது இயந்திரம்! பாசமாகக் கேட்டு, தங்கியிருக்கும் மோட்டலின் நம்பரை வாங்கிவிடுகிறது. அன்று அது கற்பனை. இன்று மகன் குரலை நகலெடுத்துத் தாயிடம் பணம் பறிக்கிறார்கள்.

இதை வைத்து ஒரு சின்னப் படம் போதும். ஒரு நகரம், ஓர் இரவு, எதற்காகத் துரத்தப்படுகிறோம் என்றே தெரியாத ஒருத்தி. டைரக்டரி வேண்டாம், அவள் பையில் இருக்கும் போனே காட்டிக்கொடுக்கும். யார் பேசினாலும் நம்ப முடியாது. உலகைக் காக்கப்போகும் குழந்தை, காவலுக்கு வரும் நல்ல இயந்திரம், பழைய வசனம் எதுவும் கூடாது. அர்னால்டு இல்லாமல் 2024இல் டோக்கியோவை வைத்து ஓர் அனிமே தொடர் வந்தது. ஒரே சீசனோடு நிறுத்திவிட்டார்கள். அதனால் தயாரிப்பாளர்கள் தயங்குவார்கள், தெரியும்.

ஆனாலும் தள்ளிப்போடக் கூடாது. முதல் படத்தில் சாராவைக் காக்க கைல் ரீஸ் என்ற வீரன் கிளம்பி வருவதே 2029இலிருந்துதான்.