டீஃபுர்ட் இதழை மை தொட்டு எழுதிப் பார்க்கிறேன்

ஜெர்மனியில் வைமார் என்ற சிறு நாட்டை ஆண்ட சீமாட்டி ஆனா அமாலியாவைப் பற்றிப் படித்ததோடு விட மனசு வரவில்லை. அவர் நடத்திய கையெழுத்து இதழின் சில பக்கங்களையாவது அந்தக் காலத்து மையில், அந்தக் காலத்து எழுத்தில் எழுதிவிட வேண்டும் என்று இறங்கியிருக்கிறேன்.

1758இல் கணவர் இறந்தபோது அவருக்கு வயது 18, கையில் ஒரு குழந்தை, வயிற்றில் ஒன்று. 1775 வரை மகனுக்காக ஆட்சியைச் சுமந்துவிட்டு அதை அவனிடம் ஒப்படைத்தார். அப்புறம் அவர் வீட்டு மேசையைச் சுற்றி வீலாண்ட், கதே, ஹெர்டர் என்று ஓர் எழுத்தாளர் கூட்டம். படிப்பார்கள், வரைவார்கள், பாடுவார்கள். கோடையில் ஊருக்கு வெளியே டீஃபுர்ட் மாளிகை. அங்கே பிறந்ததுதான் இந்த இதழ்: 1781 முதல் 1784 வரை, அச்சுக்குப் போகாமல், சுமார் 11 பிரதிகள் மட்டும் கையால் எழுதிச் சுற்றுக்கு விட்டார்கள்.

முதலில் மை. மாசிக்காய், அன்னபேதி என்ற இரும்பு உப்பு, கருவேலம்பிசின் மூன்றுமே நாட்டு மருந்துக் கடையில் கிடைத்துவிட்டன, ஐரோப்பாவில் நூற்றாண்டுகளாக எழுதிய மைக்கும் சரக்கு இதேதான். மாசிக்காயை இடித்து ஊறவைத்து, வடிகட்டிய சாற்றில் அன்னபேதியைக் கரைத்து, பிசின் சேர்த்தேன். மூன்றுக்கு இரண்டுக்கு ஒன்று என்பது பழைய அளவு. எழுதும்போது வெளிறித்தான் தெரியும், காற்றுப் பட்டுக் கொஞ்ச நேரத்தில் கறுத்துவிடும். அந்த மாற்றத்தைப் பார்க்க அவ்வளவு பிடித்திருக்கிறது!

எழுத்துதான் பாடாய்ப் படுத்துகிறது. குர்ரெண்ட் என்ற பழைய ஜெர்மன் கையெழுத்தில் e பார்த்தால் n மாதிரி இருக்கும், n-ஐயும் u-வையும் பிரித்துக் காட்ட u-வின் தலையில் ஒரு வளைகோடு போடுவார்கள், இடையில் பிரெஞ்சுச் சொல் வந்தால் எழுத்து வகையையே மாற்றி லத்தீன் எழுத்தில் எழுதுவார்கள். கூர் நிப்பில் கீழே இழுக்கும் கோடு தடித்தும் மேலேறுவது மயிரிழையாயும் வர வேண்டும். இப்போது சொற்கள் சீராக விழுகின்றன, வரி நேராக நிற்க இன்னும் பழக வேண்டும்.

ஒரு பக்கத்துக்கே மாலை முழுக்க ஓடிவிடுகிறது. அந்த இதழில் நகல் எடுப்பவரின் கையில்தான் எல்லாம் வந்தது, எழுதியவர் பெயரும் போடுவதில்லை, அதனால் கதே எழுதியதும் அரண்மனை ஆள் யாரோ எழுதியதும் பக்கத்தில் பக்கத்தில் ஒரே கையெழுத்தில் நின்றிருக்கும். அவ்வளவு பெரிய எழுத்தாளர்கள் அதற்கு ஒத்துக்கொண்டது அந்த மேசைக்கும் அந்த அம்மாவுக்கும் இருந்த மதிப்பு என்றே நினைக்கிறேன்.

அடுத்து, மனிதன் மேன்மையாக, உதவுபவனாக, நல்லவனாக இருக்க வேண்டும் என்று தொடங்கும் கதேயின் கவிதை. 1783இல் அது முதலில் வெளிவந்தது இந்த இதழில்தான். அதற்கு அன்னபேதியைக் கொஞ்சம் குறைத்துப் புது மை காய்ச்சப் போகிறேன், இரும்பு கூடினால் வருஷம் போகப் போக மையே தாளை அரித்துவிடும்.