ஆக்டேவியா ஆர்எஸ் காருக்கு அலைன்மென்டும் கேம்பரும்

என் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் காரின் முன் டயர்கள் வெளிவிளிம்பிலும் பின் டயர்கள் உள்விளிம்பிலும் தேய்ந்துகொண்டே வந்தன. கோயம்புத்தூருக்குள் அன்றாடம் ஓடுகிற, விடுமுறை கிடைத்தால் ஆழியாற்றிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவுகளில் வால்பாறைக்கு ஏறுகிற, சொந்தக் காரைப் பந்தயத் தளத்தில் ஓட்ட அனுமதிக்கும் ட்ராக் டே அறிவித்தால் செட்டிபாளையம் அருகிலுள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேயில் இறங்குகிற கார் அது. ஃபார்முலா மாருதி பந்தயக் கார்களைக் கோவையிலேயே வடிவமைத்துக் கட்டிய எஸ். கரிவர்தனின் பெயரைத் தாங்கிய அந்த ஓடுதளத்தின் நீளம் 2.1 கிலோமீட்டர்தான். ஒரு வளைவிலிருந்து மீள்வதற்குள் அடுத்தது வந்துவிடும் என்பதால், முன் டயர்களின் வெளித்தோளுக்கு அங்கே ஓய்வே கிடையாது.

இதற்குக் காரணம் சஸ்பென்ஷனின் அமைப்பிலேயே இருக்கிறது. வளைவில் காரின் உடல் வெளிப்பக்கம் சாயும்போது, சுமை முழுவதையும் தாங்கும் வெளிச்சக்கரமும் அதனுடன் சேர்ந்து வெளிப்பக்கம் சாய்கிறது. முன்புறம் உள்ள, ஸ்பிரிங்கும் டாம்பரும் ஒரே தூணாக இணைந்த மெக்பெர்சன் ஸ்ட்ரட் அமைப்பு, ஸ்பிரிங் அமுங்கும்போது சக்கரத்தின் தலையை ஓரளவு உள்ளே இழுக்கிறது என்றாலும், உடல் சாயும் அளவுக்கு ஈடாக இழுப்பதில்லை. ஆகவே, நிற்கும்போது சக்கரத்தின் தலை உட்பக்கம் சாய்ந்திருந்தால்தான், அதாவது போதிய நெகட்டிவ் கேம்பர் இருந்தால்தான், வளைவின் நடுவில் டயர் தன் முழு அகலத்துடன் தரையில் படியும். நிறுவனம் இந்தக் காருக்கு முன்புறம் தருகிற கேம்பர் ஒரு டிகிரிக்கும் குறைவு. பின்புறம் அதைவிட அதிகம். எல்லை மீறும்போது பின்புறம் சுழன்றுவிடாமல் முன்புறம் முதலில் வழுக்கட்டும் என்று எண்ணிச் செய்த ஏற்பாடு இது, பொதுச்சாலைக்கு நியாயமானதும்கூட. ஓடுதளத்தில் அதற்கான விலையை முன் டயர்கள் கொடுக்கின்றன.

முதலில் காரைக் காட்டிய கடையில், கணினித் திரையைச் சுட்டி, "எல்லாம் பச்சையிலதான் இருக்குங்க, ஒண்ணும் பண்ண வேண்டியதில்லீங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பச்சை என்பதற்குப் பொருள், அளவு நிறுவனம் அனுமதித்த வரம்புக்குள் இருக்கிறது என்பது மட்டுமே. கேம்பருக்கு அந்த வரம்பு இரு பக்கமும் அரை டிகிரி வரை விரியும். ஆகவே இடச் சக்கரம் ஒரு கோடியிலும் வலச் சக்கரம் மறு கோடியிலும் இருந்தாலும் திரை பச்சையாகத்தான் இருக்கும். என் காரில் இடப்பக்கம் மைனஸ் 20 நிமிடமும் வலப்பக்கம் மைனஸ் 1 டிகிரி 10 நிமிடமும் இருந்தன (60 நிமிடம் சேர்ந்தது ஒரு டிகிரி). வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுகளை அச்சிட்டுத் தராத கடையில் அலைன்மென்ட் செய்துகொள்ளக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். எவ்வளவு திருத்தினார்கள் என்பதற்கு அந்தக் காகிதம் ஒன்றே சாட்சி.

பிறகு கண்டுபிடித்த கடைக்காரர் அளவு எடுப்பதற்கு முன்பாகவே நெடுநேரம் செலவிட்டார். நான்கு டயர்களிலும் காற்றழுத்தத்தைச் சரிசெய்து, சக்கரத்தைக் கீழிருந்து பிடித்திருக்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ்களையும் பால் ஜாயின்ட்களையும் கடப்பாறையால் நெம்பித் தளர்ச்சி இருக்கிறதா என்று பார்த்தார். தளர்ந்த புஷ்ஷை வைத்துக்கொண்டு எடுக்கும் அளவு, கார் லிஃப்டிலிருந்து இறங்கிய முதல் வேகத்தடையிலேயே பொய்யாகிவிடும். என் எடைக்கு நிகரான மணல் மூட்டைகளை ஓட்டுநர் இருக்கையில் ஏற்றினார். பெட்ரோல் டேங்க் பாதி நிறைந்திருப்பதையும் உறுதிசெய்துகொண்டார். சக்கரங்களில் பிரதிபலிப்புத் தகடுகளை மாட்டிய பின் காரைச் சற்றே பின்னும் முன்னும் உருட்டியது, ரிம்மில் உள்ள நெளிவையும் தகட்டைப் பிடித்திருக்கும் கொக்கியின் கோணலையும் கணக்கிலிருந்து நீக்குவதற்காக. அவசரக் கடைகளில் முதலில் கைவிடப்படுவது இந்த உருட்டல்தான்.

இந்தக் காரில் முன்புறக் கேம்பரைத் திருப்பி வைக்கத் திருகு எதுவும் இல்லை. வேறு பல கார்களில் ஸ்ட்ரட்டும் சக்கரத்தைத் தாங்கும் நக்கிளும் இரண்டு போல்ட்டுகளால் இணைந்திருக்கும். அவற்றில் ஒன்றுக்குப் பதிலாக மையம் விலகிய கேம்பர் போல்ட்டைப் போட்டால் கோணம் மாறிவிடும். ஆக்டேவியாவிலோ ஸ்ட்ரட்டின் அடிக்குழாய் நக்கிளின் துளைக்குள் இறங்கி, ஒரு கவ்வியால் இறுக்கப்பட்டிருக்கிறது. இங்கே செய்யக்கூடியது, லோயர் ஆர்ம்களைத் தாங்கும் முன்புற சப்ஃபிரேமின் போல்ட்டுகளைத் தளர்த்தி அதையே பக்கவாட்டில் சில மில்லிமீட்டர் நகர்த்துவதுதான். அப்படி நகர்த்தும்போது ஒரு பக்கம் கூடிய அளவே மறுபக்கம் குறையும். மொத்தத்தில் எதுவும் கூடாது. எனக்கு அதுவே இரு பக்கமும் மைனஸ் 45 நிமிடம் என்ற சமநிலையைத் தந்தது. நெடுஞ்சாலையில் ஸ்டியரிங்கை லேசாகப் பிடித்திருந்தால் கார் ஒரு பக்கமாக இழுத்துச் செல்லும் பழக்கமும் அத்துடன் நின்றது. ஓடுதளத்துக்குப் போகாதவர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம்.

அதற்கு மேல் வேண்டுமென்றால் ஸ்ட்ரட்டின் மேல்தலையை உள்ளே தள்ளும் கேம்பர் பிளேட் தேவை. ரப்பருக்குப் பதிலாக உலோகக் குண்டு பொருத்திய பிளேட் துல்லியமானது. ஆனால் நம் ஊர்ச் சாலையின் ஒவ்வொரு குழியையும் ஓசையாகக் கேபினுக்குள் கொண்டுவந்து சேர்க்கும், தூசியிலும் மழைநீரிலும் விரைவாகத் தேயும். அன்றாடம் ஓடும் கார் என்பதால், நகர்த்தும் தூரம் குறைவாக இருந்தாலும் ரப்பர் உள்ள வகையையே நான் தேர்ந்தெடுத்தேன். அதன் உதவியால் முன்புறம் இரு பக்கமும் மைனஸ் 1 டிகிரி 50 நிமிடம் கிடைத்தது.

கேம்பரை மாற்றினால் டோவும், அதாவது மேலிருந்து பார்க்கையில் சக்கரம் நேராக முன்னே பார்க்காமல் உட்பக்கமோ வெளிப்பக்கமோ திரும்பியிருக்கும் கோணமும், மாறும் என்பதை எந்தக் காரிலும் மறக்கக் கூடாது. சக்கரத்தின் தலை உள்ளே சாயும்போது, ஸ்டியரிங்கிலிருந்து வரும், நீளம் மாறாத டை ராட் நக்கிளை ஒரு பக்கம் தள்ளிவிடுகிறது. ஆகவே கேம்பர் முடிந்த பிறகே டோ. அதிலும் பின்புறத்தை முடித்துவிட்டுத்தான் முன்புறத்துக்கு வர வேண்டும்; ஏனெனில் கார் எந்தத் திசையை நோக்கி உந்தப்படுகிறது என்பதைப் பின்சக்கரங்களே தீர்மானிக்கின்றன. முன்புறத்தை முதலில் சரிசெய்துவிட்டுப் பின்புறத்தைத் தொட்டால், நேர்சாலையில் ஸ்டியரிங் கோணலாக நிற்கும்.

பின்புறம் இந்தக் காரில் பல கரங்களைக் கொண்ட மல்டிலிங்க் அமைப்பு. அந்தக் கரங்களில் கேம்பருக்கு ஒன்றும் டோவுக்கு ஒன்றுமாக, மையம் விலகிய போல்ட்டுகளை நிறுவனமே தந்திருக்கிறது. போல்ட்டின் தலையைத் திருப்பினால் கரம் உள்ளே வரும் அல்லது வெளியே போகும். பின் டயர்களின் உள்விளிம்பு தேய்ந்ததற்குக் கேம்பரைத்தான் எல்லோரும் குற்றம் சாட்டினார்கள். அளவெடுத்துப் பார்த்தபோது உண்மையான காரணம் டோ என்று தெரிந்தது. வலப்பின் சக்கரம் நேராக நிற்காமல் வெளிப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

டோவின் கொடுமையை ஒரு கணக்கு காட்டிவிடும். ஒரு சக்கரம் நேர்கோட்டிலிருந்து 10 நிமிடம் விலகியிருந்தால், கார் ஒவ்வொரு கிலோமீட்டர் ஓடும்போதும் அந்த டயர் ஏறத்தாழ 2.9 மீட்டர் பக்கவாட்டில் இழுபடுகிறது. கோவையிலிருந்து சேலம் போவதற்குள் அந்த இழுபடல் ஏறக்குறைய அரைக் கிலோமீட்டராகிவிடும். கேம்பர் தேய்மானத்தை ஒரு விளிம்புக்கு ஒதுக்குகிறது. டயரைத் தின்பது பெரும்பாலும் டோவே. ஏறத்தாழ இரண்டு டிகிரி கேம்பருடன் டோ சரியாக உள்ள கார், கேம்பர் குறைவாகவும் டோ பிசகியும் உள்ள காரைவிட டயரைப் பல மடங்கு நன்றாகக் காக்கும். கேம்பர் வைத்தால் டயர் போய்விடும் என்று அஞ்சி ஒதுங்குகிறவர்கள் இதை அறிய வேண்டும் என்பதற்காகவே இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

முடிவில் நான் வைத்துக்கொண்ட அளவுகள்: பின்புறம் கேம்பர் மைனஸ் 1 டிகிரி 20 நிமிடம், இரு சக்கரமும் சேர்ந்து டோ-இன் (சக்கரங்களின் முன்பகுதி உட்பக்கம் பார்ப்பது) 12 நிமிடம், முன்புறம் டோ பூஜ்யம். முன்புறம் சிறிது டோ-அவுட் (முன்பகுதி வெளிப்பக்கம் பார்ப்பது) வைத்தால் வளைவுக்குள் கார் இன்னும் துடிப்பாக நுழையும் என்று நண்பர்கள் சொன்னார்கள், அது உண்மையும்கூட. ஆனால் அவிநாசிக்கு அப்பால் வேகமெடுக்கும் நெடுஞ்சாலையில், லாரிகள் அழுத்திய தடங்களில் சக்கரம் சிக்கும்போதெல்லாம் ஸ்டியரிங் அலைபாயும் என்பதால் அதை ஏற்கவில்லை. பின்புற டோ-இன்னை முற்றிலும் எடுத்துவிடாததற்குக் காரணம், வேகத்தில் அழுத்தி பிரேக் பிடிக்கும்போது காரின் வாலைப் பிடித்து நிறுத்துவது அதுதான் என்பது. போல்ட்டுகளை டார்க் ரென்ச்சால் குறித்த அளவுக்கு இறுக்கிய பிறகு மீண்டும் ஒருமுறை அளவெடுத்தோம். இறுக்கும்போதே சில நிமிடம் நகர்ந்துவிடும் வழக்கம் இவற்றுக்கு உண்டு. பின்னர் ஸ்டியரிங் கோணத்தை உணரும் சென்சாருக்கு ஸ்கேனர் மூலம் பூஜ்யத்தைப் புதிதாகக் கற்பித்தோம். இல்லையென்றால், கார் நேராகப் போகும்போதும் அது திரும்புவதாக ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் எண்ணிக்கொள்ளலாம்.

அடுத்த ட்ராக் டேயில் பிட்டுக்குள் வந்ததும் டயர் ஆறுவதற்கு முன் ஊசி பைரோமீட்டரால் உள், நடு, வெளி என்று மூன்று இடங்களில் வெப்பம் பார்த்தேன். முன்பெல்லாம் வெளித்தோள்தான் எப்போதும் கொதித்துக்கொண்டிருக்கும். இப்போது உட்பக்கம் வெளிப்பக்கத்தைவிடச் சில டிகிரி செல்சியஸ் கூடுதலாக இருந்தது. நேர்ப்பாதையில் உள்விளிம்பு சுமக்கும் பங்கையும் சேர்த்துப் பார்த்தால், அப்படித்தான் இருக்க வேண்டும். நடுப்பகுதி மட்டும் இரு பக்கத்தையும்விடச் சூடாக இருந்ததால், கேம்பரைத் தொடாமல் முன் டயர்களில் காற்றை 2 பிஎஸ்ஐ குறைத்துக்கொண்டேன்.