பழைய பூ, குட்டைச் செடி

பன்னீர் ரோஜாவைப் போல் இதழ் நெருங்கி, மணம் நிறைந்த பூ. இடுப்பைத் தாண்டாத செடி. கோடை முழுக்கப் பூக்கும் குணம். தனித்தனியாக மூன்றும் எளிது, ஒரே செடியில் சேர்ப்பதுதான் பாடு. இங்கிலாந்தில் டேவிட் ஆஸ்டின் ‘பெல் ஐசிஸ்’ என்ற காலிகா (பழைய ஐரோப்பிய வகை) ரோஜாவை ‘டெய்ன்டி மெய்ட்’ என்ற ஃபுளோரிபண்டாவுடன் (கொத்தாகப் பூக்கும் நவீன வகை) கலந்து 1961-இல் தந்த ‘கான்ஸ்டன்ஸ் ஸ்பிரை’யே சாட்சி. பூ அச்சு அசல் பழைய பூ. ஆனால் ஆண்டுக்கு ஒரு பருவம்தான் பூக்கும். செடியைச் சுவரில் ஏற்றிவிடலாம், அவ்வளவு வளர்த்தி.

தொடர்ந்து பூப்பது ஒடுங்கு குணம், அதாவது மரபணுவின் எல்லாப் பிரதிகளிலும் இருந்தால்தான் வெளிப்படும். இந்த ரோஜாக்களுக்கு நான்கு தொகுதியாக 28 குரோமோசோம்கள். கணக்குப்படி, பழையதும் நவீனமும் சேர்ந்த முதல் கலப்பினத்தைத் தன்னோடே சேர்த்தால் 36 நாற்றில் ஒன்று தொடர்ந்து பூக்கும். தொடர்ந்து பூக்கும் ரகத்தோடு திரும்பக் கலந்தால் 6-இல் ஒன்று. அதற்காக ஒவ்வொரு தலைமுறையும் நவீன ரகத்தையே சேர்த்தால் பூவின் நடு கூம்பி, பூக்கடை ரோஜாவின் முகம் வந்துவிடும். இடையில் ஒருமுறை பழைய பக்கம் திரும்பத்தான் வேண்டும்.

கலப்பினச் சேர்க்கையைக் கண்ணாடிக் கூடத்துத் தொட்டிச் செடிகளில், மே, ஜூனில் செய்வது வசதி. நன்றாகக் காய் பிடிப்பதைத் தாயாக வைக்க வேண்டும். மொட்டு விரியும் முன் இதழ்களைக் களைந்து, மகரந்தப்பைகளைச் சாமணத்தால் ஒன்று விடாமல் எடுக்க வேண்டும். ஒன்று தப்பினாலும் தன் மகரந்தமே சேர்ந்துவிடும். மறுநாள் சூல்முடி பிசுபிசுக்கும்போது, தந்தைப் பூவிலிருந்து எடுத்து ஒரு நாள் காகிதத்தில் உலர்த்திய மகரந்தத்தைத் தூரிகையால் தடவிச் சீட்டு கட்டலாம். இதழ் மிகுந்த பூவில் மகரந்தத்தாள்களே இதழாக மாறியிருக்கும். சிட்டிகை மகரந்தத்துக்குப் பல பூக்கள் வேண்டும்.

நான்கு மாதத்தில் காய் பழுக்கும். விதையை ஈர மணலில் 4 டிகிரி செல்சியஸில் 8 முதல் 12 வாரம் வைத்து விதைக்க வேண்டும். நீர் தேங்கினால் நாற்றழுகல் வாரிக்கொண்டு போகும்.

முதல் ஆண்டு பூக்காத நாற்று பெரும்பாலும் ஒருபருவ வகை. முதல் பூவில் இதழ் குறைவாக இருந்தால் அவசரப்பட்டுத் தூக்கி எறிய வேண்டாம், பின்னர் கூடும். சாம்பல் நோய் பிடிப்பதை மட்டும் அன்றே எறியலாம். பூ அழகில் மயங்கி வைத்துக்கொண்டால் இடம்தான் வீண். குட்டைச் செடிக்கே உரிய தொல்லைகளும் உண்டு: கணு நெருங்கினால் இலைகளுக்குள் காற்றோட்டம் இன்றிக் கரும்புள்ளி நோய் தங்கும், பூவின் கனத்துக்குக் காம்பு தலை சாயும், மெல்லிய இதழ் மழையில் ஒட்டி, மொட்டாகவே அழுகும்.

தேறியதை லாக்ஸா என்ற ரோஜா வேர்ச்செடியில் கண் ஒட்டு கட்டி வெளி நிலத்தில் நட வேண்டும். அந்த வேரின் வேகத்தில், தொட்டியில் முழங்கால் உயரம் நின்றதே நெஞ்சளவு எழும்பலாம். சீட்டில் ‘குட்டை’ என்று எழுத இரண்டு மூன்று கோடைகள் போகட்டும்.