வெயிலில் எழுத ஒரு லப்டொப்: தேடல் குறிப்புகள்

2025 பெப்ரவரி 9, கல்லடி

வேகம் எனக்கு முக்கியமில்லை. வீடியோ வெட்டுவதில்லை, கேம் விளையாடுவதில்லை. சனி, ஞாயிறு என்றால் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைக்குப் போய், கூத்துப் பழக்குகிற அண்ணாவிமார் சொல்லுகிற தாளக்கட்டு, விருத்தம், பழைய களரிக் கதைகள் எல்லாவற்றையும் அவர்கள் முன்னால் இருந்தே தட்டச்சிடுகிறேன். முற்றத்தில் பாய் போட்டு, லப்டொப்பை மடியில் வைத்துக்கொண்டுதான் வேலை. பக்கத்தில் பிளக் இருக்காது, மேசை இருக்காது. வெளிச்சம் மட்டும் தாராளமாக இருக்கும்.

அதற்கு ஏற்ற மெசின் என்றால் வெயிலில் திரை தெரிய வேண்டும். கீபோர்ட் விரலுக்கு இதமாக இருக்க வேண்டும். சத்தம் போடக் கூடாது. பற்றரி ஒரு பகல் முழுக்கத் தாங்க வேண்டும். தமிழ் ஒழுங்காகத் தெரிய வேண்டும். கேட்டால் சின்ன ஆசைகள் மாதிரித்தான் இருக்கிறது. ஆனால் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்த ஒரு லப்டொப்பை வருசக்கணக்கில் தேடிக்கொண்டிருக்கிறேன். தேடலை இனி இங்கே எழுதிவருகிறேன்.

பெப்ரவரி 16

குருமண்வெளியில் வாவியைக் கடக்கிற பாதையில் (மிதவையில்) ஏறி, மோட்டார் சைக்கிளோடு மண்டூர்ப் பக்கம் இறங்கினேன். அண்ணாவியாருக்கு எண்பது தாண்டிவிட்டது. குரல் இன்னும் கணீரென்று இருக்கிறது. விருத்தம் பாடத் தொடங்கி இரண்டாவது அடிக்கு வந்தபோது என் லப்டொப்பின் ஃபேன் முழு வேகத்தில் சுழலத் தொடங்கியது. அவர் பாட்டை நிறுத்திவிட்டுக் கேட்டார்: “என்ன மனே, உன்ட பெட்டி இரையுது?”

குளிர்நாடுகளில் அமைதியாக இருக்கிற ஃபேன் இங்கே ஏன் இரைகிறது என்பதற்கு எளிய காரணம் உண்டு. ஃபேன் செய்வது உள்ளே உள்ள சூட்டை வெளிக்காற்றிடம் கொடுப்பது. 20 பாகை அறையில் அந்தக் காற்றுக்கும் புரோசசருக்கும் நிறைய வித்தியாசம் இருக்கும், மெதுவாகச் சுழன்றாலே போதும். நம் முற்றத்துக் காற்றே 33, 34 பாகை. வித்தியாசம் குறையக் குறைய அதே சூட்டை வெளியேற்ற அதிகக் காற்றைத் தள்ள வேண்டும். இணைய விமர்சனங்களில் “சத்தமே இல்லை” என்று எழுதுகிறவர்கள் எந்த அறையில் இருந்து எழுதுகிறார்கள் என்று நான் இப்போதெல்லாம் பார்த்துத்தான் நம்புகிறேன்.

போனில் செய்த ஒலிப்பதிவிலும் அந்த இரைச்சல் பாட்டுக்கு அடியில் ஓடுகிறது. அதை மென்பொருளால் எடுத்தால் மத்தளத்தின் அடிநாதமும் சல்லரியின் கடைசி அதிர்வும் சேர்ந்து போய்விடுகின்றன. எண்பது வயதுக் குரலைத் திரும்பப் பாடு என்று கேட்க எனக்கு மனமில்லை. ஃபேன் இல்லாத மெசின்தான் வேண்டும். அதில் இனி விட்டுக்கொடுப்பில்லை.

மார்ச் 8

இரவு முழுக்கப் பழைய கணினிகளின் வரலாறு வாசித்தேன். இந்த விசயத்தில் எனக்கு அலுப்பே வருவதில்லை.

கணினி விஞ்ஞானி அலன் கே 1972இல் சிறுவர்களுக்காக ஒரு கணினியைக் கற்பனை செய்து ஒரு கட்டுரை எழுதினார். பெயர் டைனாபுக். கொப்பி அளவு, 4 இறாத்தலுக்குக் குறைந்த எடை, எங்கும் கொண்டுபோகலாம். அப்போது அதைச் செய்ய யாரிடமும் பாகங்கள் இல்லை. 1981இல் வந்த ஒஸ்போர்ன் 1 சுமார் 11 கிலோ, தையல் மெசின் பெட்டி மாதிரி. திரை 5 அங்குலம். கைப்பிடி இருந்தது, பற்றரி இல்லை. அடுத்த வருசம் வந்த கிரிட் கொம்பஸ்தான் இன்றைய லப்டொப் போல மடிகிற உடம்போடு வந்தது. நாசா அதை விண்ணோடத்தில் ஏற்றியது. விலையோ சாதாரண ஆட்கள் நெருங்க முடியாதது.

1983இல் டிஆர்எஸ்-80 மொடல் 100 வந்தது. இதைப் பற்றி எழுதும்போதே எனக்குச் சந்தோசமாக இருக்கிறது. ஜப்பானின் கியோசெரா செய்து, அமெரிக்காவில் ரேடியோ ஷாக் விற்றது. எடை 1.4 கிலோ. மடிப்பு எதுவும் இல்லை, ஒரே தட்டையான பலகை. முழு அளவுக் கீபோர்ட், அதற்கு மேலே 8 வரிகள், வரிக்கு 40 எழுத்துகள். சாதாரண பென்டோர்ச் பற்றரி நாலு போட்டால் 20 மணித்தியாலம் அளவில் ஓடும். ஃபேன் கிடையாது. அழுத்தியவுடன் திறக்கும், எழுதியது அப்படியே இருக்கும். நிருபர்கள் களத்திலேயே செய்தியைத் தட்டச்சிட்டு, உள்ளேயே இருந்த மோடத்தால் டெலிபோன் வழியாகப் பத்திரிகைக்கு அனுப்பினார்கள்.

என் தேவைகளை அதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். சத்தம் இல்லை, பற்றரி ஒரு பகல் தாங்கும், கீபோர்ட் நல்லது. திரையில் பின்னொளி இல்லாததால் வெளிச்சம் கூடக் கூட நன்றாகத் தெரியும். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் போனபோது எங்கள் தெருவில் ஒவ்வொரு லப்டொப்பாக அணைந்தது. பென்டோர்ச் பற்றரி மட்டும் சந்திக் கடையில் இருந்தது. களத்தில் எழுதுகிறவனுக்கு வேண்டியது 1983இலேயே கிட்டத்தட்ட கைக்கு வந்துவிட்டது. அதற்குப் பிறகு எல்லோரும் வேகத்துக்கும் நிறத்துக்கும் போய்விட்டார்கள் என்பதில் எனக்கு உண்மையான மனவருத்தம் உண்டு.

மார்ச் 9

ஆனால் தமிழ்? மொடல் 100இன் திரையில் அகலத்துக்கு 240 புள்ளி, உயரத்துக்கு 64. ஓர் எழுத்துக்கு 6 புள்ளி அகலம், 8 புள்ளி உயரம். கட்டக் கொப்பியில் வரைந்து பார்த்தேன். ‘ப’, ‘ட’ வந்துவிடும். ‘ண’ 6 புள்ளிக்குள் வராது. ‘கூ’, ‘ழு’ எல்லாம் கீழே இறங்க இடம் கேட்கும். இரண்டு மடங்கு அகலமும் இரண்டு மடங்கு உயரமும் கொடுத்தால் 4 வரி, வரிக்கு 20 எழுத்து. சின்ன வெண்பா ஒன்று அடங்கலாம், விருத்தம் அடங்காது. அதற்கும் புதிதாக எழுத்து வரைந்து மென்பொருள் எழுத வேண்டும்.

எச்பி 200எல்எக்ஸ் (1994), சயன் சீரிஸ் 5 (1997) இரண்டும் இரண்டே பென்டோர்ச் பற்றரியில் ஓடிய கையடக்கக் கணினிகள். சயனின் கீபோர்ட், மூடியைத் திறக்கும்போது முன்னால் நகர்ந்து வந்து நிற்கும். 350 கிராமளவு மெசினில் இரண்டு கையாலும் தட்டக்கூடிய கீபோர்ட்! இவற்றிலும் தமிழ் இல்லை. விண்டோஸிலேயே யூனிகோட் தமிழ் உள்ளுக்குள் வந்தது விண்டோஸ் 2000இல்தான். அதுவரை இங்கே பாமினி எழுத்துருவை வைத்துத்தான் ஓட்டினோம். ஆகவே அதற்கு முந்திய அருமையான மெசின்கள் எல்லாம் என் பட்டியலில் இருந்து போகின்றன.

மார்ச் 23

நண்பனின் திங்பேட் எக்ஸ்220ஐ ஒரு கிழமைக்குக் கடன் வாங்கினேன். 2011இல் வந்தது. பழைய ஏழு வரிசைக் கீபோர்ட் உள்ள கடைசித் தலைமுறை. தமிழ்99 விசைமுறையில் தட்டும்போது விரல் தானாக ஓடுகிறது. பற்றரியைக் கழற்றி மாற்றலாம், ராமையும் டிஸ்க்கையும் நாமே மாற்றலாம். மட்டக்களப்பில் எந்தத் திருத்துகிற கடையிலும் இதைத் திறக்கப் பயப்படமாட்டார்கள். ஃபேன் உண்டு. திரை வெயிலில் கறுப்பு. திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

ஏப்ரல் 6

திரை வெயிலில் ஏன் தோற்கிறது என்று கணக்குப் போட்டேன். உச்சி வெயிலில் நிலத்தில் விழும் வெளிச்சம் 1 லட்சம் லக்ஸ் அளவு. அதில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்தால் தாள் காட்டும் பிரகாசம் ஏறக்குறைய 25,000 நிட்ஸ். சாதாரண லப்டொப் திரை 250 முதல் 300 வரை. மர நிழலில்கூடத் தாள் 2,000 தாண்டிவிடும். பின்னொளியைக் கூட்டிச் சூரியனோடு போட்டி போடுவது பற்றரியை வீணாக்குவது. தாளைப் போல, விழுகிற வெளிச்சத்தையே திருப்பித் தருகிற திரைதான் இந்த ஊருக்குச் சரி.

போனும் புளூடூத் கீபோர்ட்டும் வைத்து எழுதினால் என்ன என்று பலர் கேட்கிறார்கள். நல்ல போன்கள் வெளியில் 1,000 நிட்ஸையும் தாண்டும். ஆனால் சூடானதும் போன் தன்னைக் காப்பாற்றத் திரையை மங்கவைக்கும். நம் வெயிலில் அது சீக்கிரமே நடக்கிறது. மடியிலும் நிற்காது.

ஏப்ரல் 16

சித்திரை வருசத்துக்கு வெள்ளவத்தை மச்சான் ஊருக்கு வந்தார். அவரிடம் 2020இன் எம்1 மக்புக் எயார் இருக்கிறது. “கொண்டு போ, ரெண்டு நாளைக்கு எனக்குத் தேவையில்ல” என்றார். மண்டூருக்குத்தான் கொண்டு போனேன்.

ஃபேன் இல்லவே இல்லை. அண்ணாவியார் பாடி முடிக்கும்வரை முழங்காலில் இளஞ்சூடு மட்டும்தான். ஒலிப்பதிவைக் கேட்டுப் பார்த்தேன், குரலும் கிடுகுக் கூரையில் காற்று உரசுவதும் மட்டும் இருக்கின்றன. 1.29 கிலோ, தோளில் பாரம் தெரியவில்லை. தமிழ் தட்டச்சுக்கு அஞ்சல், தமிழ்99 விசைமுறைகள் இரண்டும் உள்ளேயே உண்டு. காலையில் இருந்து பொழுதுபடும்வரை எழுதியும் பற்றரி மிச்சம். யூஎஸ்பி-சியில் சார்ஜ் ஏறுவதால் 12 வோல்ட் பற்றரியில் இருந்தும் ஏற்றலாம், வயல் வாடியில் இது பெரிய உதவி.

திரை 400 நிட்ஸ். பந்தலுக்குள் சரி. முற்றத்துக்கு வந்தால் எழுத்துத் தேட வேண்டும். மற்றொரு கவலை: ராமும் சேமிப்பும் போர்டிலேயே ஒட்டப்பட்டவை. நான் இருப்பது கடலுக்கும் வாவிக்கும் நடுவில். உப்புக்காற்று செம்பைத் தின்னும். ஒன்று போனால் முழுப் போர்டும் போகும், கொழும்புக்குத்தான் அனுப்ப வேண்டும். கழற்றிப் பூட்டலாம் என்று 2021இல் வந்த பிரேம்வேர்க் லப்டொப்பை நினைக்கும்போது ஆசை வருகிறது. அதற்கோ ஃபேன் உண்டு.

ஜூன் 12

வைகாசிக் குளிர்த்திச் சடங்கு. கண்ணகை அம்மன் கோயிலில் இரவு முழுக்க இருந்தேன். எதையும் பையில் இருந்து எடுக்கவில்லை, அங்கே கேட்பதுதான் வேலை.

ஜூன் 29

முடிவெடுத்துவிட்டேன். பாவித்த எம்1 எயார் ஒன்று வாங்கிவிட்டேன், பற்றரி நல்ல நிலையில் இருக்கிறது. நூறு வீதம் ஏற்றி வெக்கையில் போட்டு வைத்தால் லித்தியம் பற்றரி சீக்கிரம் கிழடாகும். அதனால் எண்பதுக்கு மேல் ஏற்றுவதில்லை, படுவான்கரைக்குப் புறப்படும் காலையில் மட்டும் முழுதாக ஏற்றுகிறேன். பையில் சிலிக்கா ஜெல் பொட்டலம். பதிவு வேலைகள் இனி இதில் நடக்கும்.

வெயில் திரையை மட்டும் இன்னும் விடவில்லை.

ஜூலை 13

ஐந்து வருசப் பழைய மெசின்களைப் பார்த்தது போதும் என்று இன்னும் பின்னால் போனேன். 2007இன் எக்ஸ்ஓ-1, வறிய நாட்டுச் சிறுவர்களுக்காகச் செய்த பச்சை வெள்ளை லப்டொப். அதன் திரையை மேரி லூ ஜெப்சன் உருவாக்கினார். வீட்டுக்குள் பின்னொளியோடு நிறம் காட்டும். வெயிலில் பின்னொளியை அணைத்துவிட்டால் கறுப்பு வெள்ளையில், 1200க்கு 900 புள்ளியில், தாள் மாதிரித் தெரியும். ஃபேன் இல்லை. பெடோரா லினக்ஸில் ஓடுவதால் யூனிகோட் தமிழ் ஒழுங்காக வரும். லித்தியம் இரும்புப் பொஸ்பேட் பற்றரி, சூட்டை நன்றாகத் தாங்கும் வகை. 256 எம்பி ராம் எனக்கு ஏராளம், வெறும் எழுத்துத்தானே.

குறை கீபோர்ட். சிறுவர் விரலுக்கான றப்பர்ப் பலகை, பெரியவர் கைக்கு ஒடுங்கல். ஆனால் அதற்கு யூஎஸ்பி துளைகள் உண்டு. வெளியில் ஒரு நல்ல கீபோர்ட்டைச் செருகி, திரையை மறுபக்கம் திருப்பி மடித்து முன்னால் நிறுத்தினால்? முற்றத்து வெயிலில், சத்தமில்லாமல், தமிழில். 1983க்குப் பிறகு என் கொப்பியில் இத்தனை சரி போட்ட மெசின் இதுதான்.

கிழக்கு மாகாணத்தில் யாரிடமாவது ஒன்று அலுமாரியில் கிடந்தால் சொல்லுங்கள். பற்றரி செத்திருந்தாலும், கீபோர்ட் கிழிந்திருந்தாலும் பரவாயில்லை. திரை உடையாமல் இருந்தால் நானே மோட்டார் சைக்கிளில் வந்து எடுத்துக்கொள்கிறேன், பொத்துவில் என்றாலும் சரி.