தகரக் கூரையில் ஒழுக்கு தேடிய கதை

குலசேகரத்துக்கு அருகே, எங்கள் புரையிடத்தின் (வீட்டு மனையின்) பின்பக்கம், ரப்பர் ஷீட் அடித்து உலர்த்துவதற்கென்று ஒரு கொட்டகை இருக்கிறது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் அடித்தபோது அதன் ஓட்டுக் கூரைமேல் இரண்டு ரப்பர் மரங்கள் சாய்ந்தன. கைமரமும் ரீப்பரும் ஒடிந்துவிட்டதால், மறு ஆண்டு அப்பா ஓட்டைக் கைவிட்டு, ஸ்கொயர் பைப்பில் சட்டம் அமைத்துத் தகரம் போட்டார். ஐந்து ஆண்டுகள் ஒரு சொட்டும் விழவில்லை. பிறகு ஒழுகத் தொடங்கியது. உலரும் ஷீட்டின்மேல் நீர் சொட்டினால் அந்த இடம் வெளுத்துப் பூஞ்சை பிடிக்கும். கடைக்காரர் அதைத் தனியே எடுத்து வைத்துவிட்டு விலையைக் குறைப்பார். ஆகவே இது பாத்திரம் வைத்துச் சமாளிக்கக்கூடிய ஒழுக்கு அல்ல.

முதல் ஆண்டு நான் செய்தது எல்லோரும் செய்வதுதான். சொட்டு விழும் இடத்துக்கு நேர் மேலே ஏறி, கண்ணில் பட்ட ஸ்க்ரூத் தலைகள் மீதெல்லாம் தாரை உருக்கிப் பூசினேன். பங்குனி வெயிலில் அது இளகி வழிந்து, எடவப்பாதி மழைக்குள் (தென்மேற்குப் பருவமழைக்குள்) வெடித்துவிட்டது. இரண்டாம் ஆண்டு, கொட்டகை சாய்ந்து நிற்கும் செங்கல் சுவரோரம்தான் தவறு என்று நினைத்து, கொத்தனாரைக் கொண்டு சுவருக்கும் தகரத்துக்கும் இடையே சிமெண்டுப் பூச்சு வைத்தேன். ஒரு மாதத்தில் மயிரிழைபோல ஒரு விரிசல் சுவர் நெடுகிலும் ஓடியது. ஈரச் சிமெண்டின் காரம் தகரத்தின் மேற்பூச்சையும் அரிக்கும் என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

மூன்றாம் ஆண்டு வெல்டிங் வேலை பார்க்கும் ஒரு மாமாவை அழைத்துவந்தேன். வந்தவர் ஏணியைத் தேடவில்லை. நண்பகல் வெயிலில் கொட்டகையின் கதவையும் சன்னலையும் சாத்தச் சொல்லிவிட்டு, இருட்டில் நின்று அண்ணாந்து பார்த்தார். விண்மீன் போலச் சில புள்ளிகள் தெரிந்தன. அவற்றில் ஒன்றுகூட நான் தார் பூசிய இடத்தில் இல்லை. “மக்ளே, சொட்டுற எடத்துல ஒண்ணும் இருக்காது. ரெண்டு சட்டம் மேல ஏறிப் பாரு” என்றார். உள்ளே புகுந்த நீர் தகரத்தின் அடிப்பக்கத்தை ஒட்டியே வழிந்து, குறுக்குச் சட்டத்தில் முட்டி, அதன் வழியே பக்கவாட்டில் நான்கைந்து அடி போய்த்தான் சொட்டுகிறது.

அவர் காட்டிய பிறகு எனக்கு விளங்கிய ஒரு செய்தி, அதுவரை நான் செய்த எல்லா வேலையும் ஏன் வீணாயிற்று என்பதையும் சொல்லிவிட்டது: தகரக் கூரை அசைகிறது. வெயிலில் 60 டிகிரியைத் தாண்டிக் காயும் தகடு, மழை விழுந்த சில நிமிடங்களில் 25 டிகிரி அளவுக்குக் குளிர்ந்துவிடும். 12 அடி நீள இரும்புத் தகடு அந்த வேறுபாட்டில் ஒன்றரை மில்லிமீட்டர் சுருங்கி நீளும். இது ஒவ்வொரு நாளும் நடக்கிறது. சிமெண்டோ காய்ந்த தாரோ அந்த அசைவோடு போகாது. போகாத பொருள் வெடிக்கும்.

ஸ்க்ரூக்களின் கதையும் அதுவே. தலைக்கு அடியிலுள்ள ரப்பர் வாஷர்தான் நீரைத் தடுக்கிறது. வேலையாள் டிரில்லை விடாமல் அழுத்தினால் வாஷர் பிதுங்கி, வெயிலில் நாலைந்து ஆண்டில் பிளந்துவிடும். தளர்வாக விட்டாலோ அடியில் நீர் நிற்கும். வாஷர் ஓரம் சற்றே உப்பித் தெரியும் அளவே சரியான இறுக்கம். எங்கள் கூரையில் ஏறக்குறைய 60 ஸ்க்ரூக்களை மாற்றினோம். தகடு முன்னும் பின்னும் இழுத்ததில் துளை அகன்றுபோயிருந்ததால் பழைய அளவு பிடிக்காது, 5.5 மில்லிமீட்டர் ஸ்க்ரூ இருந்த துளையில் 6.3 மில்லிமீட்டர் போட்டோம். மேட்டில் அடிக்க வேண்டியதைச் சில இடங்களில் நீர் ஓடும் பள்ளத்திலேயே அடித்திருந்தார்கள். அவற்றைக் கழற்றி, துளையை அடைத்து, மேட்டில் புதிதாக அடித்தோம். துளையிடும்போது சிதறும் இரும்புத் துருவலை அன்றே பெருக்கித் தள்ளிவிட வேண்டும். மறுநாள் அதுவே துருவாகிக் கறை பிடிக்கும்.

ஆனால் பெரிய ஒழுக்கு ஸ்க்ரூவில் இல்லை. எங்கள் இடைவழி குறுகியது. நீளத் தகடு ஏற்றிய வண்டி உள்ளே வராது என்று அப்பா 12 அடியும் 8 அடியுமாக இரண்டு துண்டு வாங்கியிருந்தார். மேல் துண்டு கீழ்த் துண்டின்மேல் ஏறும் இடம் ஆறு அங்குலம். சரிவு கூடுதலாக இருந்திருந்தால் அது போதும். எங்கள் கூரையோ பத்தடிக்கு ஒன்றேகால் அடிதான் சரிகிறது; அதுவும் மேற்கு நோக்கி. ஆனி, ஆடிக் காற்று மழையை எதிர்த்து மேலே தள்ளும்போது, இரு தகடுகளுக்கும் இடையே உள்ள மெல்லிய சந்தில், திரி எண்ணெயை இழுப்பதுபோல நீர் ஏறிவிடுகிறது. போதாக்குறைக்குத் தை, மாசியில் உதிரும் ரப்பர் இலை அந்தச் சந்தில் செருகி மட்கிக் கிடந்தது. மேல் துண்டின் ஸ்க்ரூக்களைத் தளர்த்தித் தூக்கி, சந்தைத் துடைத்துக் காயவைத்து, குறுக்கே இரண்டு வரிசை பியூட்டைல் டேப் (பிசுபிசுப்பான ரப்பர் நாடா) ஒட்டி இறக்கினோம். அந்த டேப் இறுகுவதில்லை; தகடு நகர்ந்தால் கூடவே இழுபடும். சுவரோரத்தில் சிமெண்டைக் கொத்தி எடுத்துவிட்டு, சுவரில் காடி (நீளப் பள்ளம்) வெட்டி, மடித்த தகட்டின் ஒரு விளிம்பை அதற்குள் செருகினோம். மறு விளிம்பு கூரைமேல் படிந்திருக்குமே தவிர, அதனோடு கட்டப்படவில்லை. காடியை அடைக்க சிலிக்கான் வாங்குபவர்கள் புளிக்காடி (வினிகர்) மணம் வீசும் வகையைத் தவிர்க்க வேண்டும். அந்த அமிலம் துத்தநாகப் பூச்சை அரித்துவிடும்.

இவ்வளவுக்குப் பிறகும், மழையே இல்லாத ஒரு விடியலில், ஷீட்டைப் புகையூட்டி உலர்த்தும், அடுத்துள்ள புகைப்புரையில் சொட்டுச் சத்தம் கேட்டது. நான் மனம் உடைந்து மறுபடி ஸ்க்ரூக்களை எண்ணத் தொடங்கியிருப்பேன். ஆனால் விழுந்த நீர் பழுப்பாக இருந்தது, ஓரிடத்தில் அல்லாமல் கூரை முழுவதும் முத்து முத்தாகக் கோத்திருந்தது. ஈர ஷீட்டிலிருந்து புகைச்சூட்டில் கிளம்பிய நீராவி, இரவில் குளிர்ந்த தகரத்தில் பட்டு நீராகியிருக்கிறது. ஓடு இருந்த காலத்தில் இந்தத் தொல்லை இல்லாததற்குக் காரணம், ஓட்டுச் சந்துகள் வழியே ஆவி தானே வெளியேறியதுதான். முகட்டில் ஒரு சாண் அகலத்துக்குத் திறப்பு வைத்து, அதன்மேல் மழை புகாதபடி மூடி அமைத்தோம். இப்போது முதல் நாள் புகையின்போது அதை முழுதாகத் திறந்து, ஈரம் போன பிறகே பாதி மூடுகிறேன்.

ஏறுபவர்களுக்கு ஒரு சொல்: ஸ்க்ரூ வரிசை ஓடும் இடத்தில்தான் அடியில் சட்டம் இருக்கிறது, அங்கே மட்டும் கால் வையுங்கள், பனி காயும் முன் ஏறாதீர்கள். பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் ஏறவே வேண்டாம்.

மேற்கு மூலையில் ஒரு சொட்டு இன்னும் விழுகிறது. பலத்த காற்றோடு மழை வரும்போது மட்டுமே விழுவதால், அங்கே ஓரத் தகடு தூக்கிக்கொள்கிறது என்று நினைக்கிறேன். ஐப்பசி மழை ஓய்ந்து தை பிறந்ததும் மாமா வருவதாகச் சொல்லியிருக்கிறார். அதுவரை, ரப்பர் பால் உறைய ஊற்றும் பழைய அலுமினியத் தட்டு ஒன்று அதற்கு நேர் கீழே இருக்கிறது.