இன்சூரன்ஸ் டெஸ்க்ல உட்கார்ந்து யோசிச்சது

கிருஷ்ணகிரியில ஒரு தனியார் ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ் டெஸ்க்ல வேலை பார்க்கிறேன், கார்டு பார்த்து அப்ரூவலுக்கு அனுப்பி வந்துச்சா வரலையான்னு சொல்றதுதான் வேலை. இங்க வந்த பிறகுதான் மத்த நாட்டுல வைத்தியச் செலவை யார் ஏத்துக்குறாங்கன்னு தேடிப் படிக்க ஆரம்பிச்சேன்.

ஜெர்மனியில 1883லயே ஆட்சித் தலைவர் பிஸ்மார்க் காலத்துல, சம்பளத்துல ஒரு பங்கு, முதலாளி ஒரு பங்குன்னு பிடிச்சு வைத்திய நிதியில போட ஆரம்பிச்சுட்டாங்க. ஓசூர் கம்பெனி ஆளுங்களோட இ.எஸ்.ஐ. காப்பீடும் அதே வழிதான், தொழிலாளி 0.75 சதவீதம், கம்பெனி 3.25 சதவீதம். இங்கிலாந்துல 1948ல வந்த என்.எச்.எஸ்ங்கிற அரசு மருத்துவ சேவை முக்காவாசி வரிப்பணம், டாக்டரைப் பார்க்கவோ பெட்ல சேரவோ காசு கேட்கறதில்லை, நம்ம ஜி.எச். மாதிரி.

ஆனா பென்னாகரம், அரூர் பக்கமிருந்து பெங்களூருக்கு கட்டட வேலைக்குப் போறவங்களுக்கு ஏது பே ஸ்லிப், மேஸ்திரி வாரக் கடைசியில கையில குடுக்கிறதுதான் சம்பளம், அதுல யாரு எதைப் பிடிக்கிறது. அதனாலதான் எனக்கு தாய்லாந்து பெருசா தெரியுது. அங்கயும் விவசாயி, கூலி ஆளுங்க ஜாஸ்தி, அவங்ககிட்ட பிரீமியம் வாங்க முடியாதுன்னு 2002ல வரிப்பணத்துலயே வேற காப்பீடு இல்லாத எல்லாரையும் சேர்த்துட்டாங்க, ஒரு தடவை போனா அந்த ஊர் காசுல 30 பாட், அவ்ளோதான். வந்து பார்த்துட்டுப் போற வைத்தியத்துக்கு ஆஸ்பத்திரிக்கு தலைக்கு இவ்வளவுன்னு அரசாங்கமே முன்கூட்டி குடுத்துடுது, அதனால ஜனங்க நோயில்லாம இருந்தா ஆஸ்பத்திரிக்கும் லாபம்.

நம்ம முதலமைச்சர் காப்பீடும் நல்ல திட்டம், வருஷத்துக்கு 5 லட்சம் வரைக்கும்னு ஹார்ட் ஆபரேஷன் முடிஞ்சு நடந்து போறவங்களை தினமும் பார்க்கிறேன். ஆனா "கார்டு செல்லுங்களா தம்பி"ன்னு சுகர் மாத்திரை சீட்டை நீட்டுற அம்மாகிட்ட "அட்மிஷன் போட்டாத்தாங்கம்மா"ன்னு சொல்றப்போ மனசு கேட்காது, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு போங்கன்னு சொல்லி அனுப்புவேன். 2021 ஆகஸ்ட்ல நம்ம மாவட்டத்து சாமனப்பள்ளியில ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம் பெரிய விஷயம்னு நான் சொல்றது இதனாலதான், பிபி, சுகர் மாத்திரை வீட்டுக்கே வந்தா பல பேரு டயாலிசிஸ் வரைக்கும் போக மாட்டாங்க.

இன்னொன்னு வருமான வரம்பு. 72,000ல இருந்து 1,20,000 ஆக்கினாங்க, சரி, ஆனா தினம் 600 ரூபா வாங்குற கொத்தனார் வருஷத்துல 250 நாள் வேலைக்குப் போனாலே அதைத் தாண்டிடுவாரு, அவரு பெரிய ஆபரேஷன்னு தனியார் ஆஸ்பத்திரிக்கு வந்தா நகையை அடகு வெக்க வேண்டியதுதான். சான்றிதழ் எல்லாம் கேட்காம ரேஷன் கார்டுல பேரு இருந்தாலே போதும்னு ஆக்கணும், செலவு கூடும்தான், அதை வரியில இருந்து எடுக்கட்டும்.