உறைபனியும் நானோநொடியும்

காலை ஏழு மணி. ஊட்டிப் புல்வெளி முழுக்க உறைபனி.

பத்து மணிக்கெல்லாம் வெயில் சுள்ளென்று அடிக்கும். திறந்தவெளிக் கேபிளுக்கு இது ஆகாது.

கோஆக்சியல் கேபிளில் (டிவி ஆன்டெனா கேபிள் மாதிரி) சிக்னல் ஒரு மீட்டர் போக சுமார் 5 நானோநொடி. நானோநொடி என்றால் நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு. கேபிள் சூடேறினால் இந்த நேரம் மெல்ல மாறும்.

மாறினால் என்ன?

இங்குள்ள கிரேப்ஸ்-3 என்ற காஸ்மிக் கதிர் ஆய்வின் டிடெக்டர்களுக்கு இடைவெளி 8 மீட்டர். காஸ்மிக் கதிர்ப் பொழிவு (விண்கதிர் காற்றில் மோதி உண்டாகும் துகள் மழை) 30 டிகிரி சாய்ந்து வந்தால், பக்கத்துப் பக்கத்து டிடெக்டர்களுக்கு அது வந்து சேரும் நேர வித்தியாசமே 13 நானோநொடிதான். அதை வைத்துத்தான் வந்த திசையைக் கணக்கிட வேண்டும். அந்த இரண்டை மட்டும் நம்பினால், ஒரு நானோநொடிப் பிசகுக்குத் திசை இரண்டரை டிகிரி தப்பும்!

ஐரோப்பிய ஆய்வு மையமான செர்னின் துகள் முடுக்கிகளுக்கும் இதே தலைவலி. அங்கே கடிகாரங்களை ஒத்திசைக்கும் ஒயிட் ராபிட் முறையில், ஆப்டிகல் ஃபைபரில் ஒளி சிக்னல் போய்த் திரும்பும் நேரத்தை விடாமல் அளந்து தாமதத்தைக் கழிப்பார்கள்.

ஒரு கண்ணி உண்டு. போகும் ஒளியின் அலைநீளம் வேறு, வரும் ஒளியின் அலைநீளம் வேறு, அதனால் வேகமும் வேறு. போய்த் திரும்பும் நேரத்தைச் சரிபாதியாக வகுத்தால் கணக்கு தப்பிப்போச்சு.